எதை மெயிலில் போடுவது, எதற்கு எழுந்து போவது: புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு

மேனேஜர் ஆனதும் முதலில் மாறுவது உங்கள் நாள்தான். இதுவரை கையில் ஒரு வேலை இருந்தது, அதை முடித்தீர்கள். இனிமேல் மற்றவர்கள் செய்யும் வேலைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பாதி நேரம் மெயில், மீதி நேரம் மீட்டிங் என்று நாள் பிரிந்துவிடும். இந்த இரண்டில் எந்த விஷயம் எதற்குப் போக வேண்டும் என்று எந்த அலுவலகத்திலும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப் பழகும்போது மேலே இருப்பவரின் நல்ல பழக்கமும் வரும், கெட்ட பழக்கமும் வரும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு முறையாகப் பிடித்துக்கொள்ள இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். மெயில் கூடினால் மீட்டிங் குறையும், நேரில் பேசினால் மெயில் தேவைப்படாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அப்படி இல்லை.

கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் 5 நிறுவனத் தலைவர்களோடு ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973-இல் அதை வெளியிட்டார். அவர்களுடைய நேரத்தில் 78 சதவீதம் பேச்சிலேயே போயிருந்தது. வந்த தபால்களை ஒரு சுமையாகத்தான் பார்த்தார்கள். அது மெயில் வருவதற்கு முந்தைய காலம். சரி, மெயில் வந்தபின்? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடங்களில் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று 1970-களிலேயே அளந்து பார்த்தவர். இருக்கைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு சடாரென்று விழுகிறது, ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் மிக அரிதாகிவிடுகிறது என்று காட்டினார். போனும் மெயிலும் அந்தத் தூரத்தை ஈடுகட்டிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2007-இல் அவர் மறுபடி எழுதியபோது சொன்னது வேறு: தூரம் கூடினால் நேர்ப் பேச்சோடு சேர்ந்து போனும் மெயிலும்கூடக் குறைகின்றன. யாரை அடிக்கடி பார்க்கிறோமோ அவருக்குத்தான் அடிக்கடி எழுதவும் செய்கிறோம்.

ஆக, இதா அதா என்ற கேள்வியே வேண்டாம். இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். மெயிலில் எழுந்த சந்தேகம் மீட்டிங் அறைக்குள் வந்து சேர்கிறதா, அறையில் முடிவானது திரும்பவும் எழுத்தில் ஏறுகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஒவ்வொரு மேனேஜரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சம்பவம் ஒன்று இருக்கிறது.

கொலம்பியா விண்வெளி ஓடத்தில் நடந்தது

2003 ஜனவரி 16. கல்பனா சாவ்லா உட்பட 7 பேரோடு நாசாவின் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியது. சுமார் 82 நொடியில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து வந்து இடது இறக்கையில் அடித்தது. மறுநாள் வீடியோவைப் பார்த்த பொறியாளர்களுக்குக் கவலை வந்துவிட்டது. அடி எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டுமானால், ராணுவத்தின் கருவிகளை வைத்து ஓடத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தின் பொறியாளர் ராட்னி ரோச்சா, வெளி அமைப்பின் உதவியைக் கெஞ்சியாவது கேட்க முடியுமா என்று ஜனவரி 21 அன்று தன் மேலதிகாரிக்கு மெயில் எழுதினார். வேறு இரண்டு வழிகளிலும் இதே வேண்டுகோள் மேலே போனது.

இந்தப் பயணம் பற்றிய முடிவுகளை எடுக்கும் நிர்வாகக் குழுவின் தலைவர், படம் வேண்டும் என்று யார் கேட்டது என்று விசாரித்தார். சரியான ஆளை யாரும் காட்டவில்லை. ஜனவரி 22 அன்று அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. கேட்டவர்கள் ஒரு பக்கம், முடிவெடுத்தவர்கள் இன்னொரு பக்கம். யார் கேட்டார்கள் என்று இவர்களுக்குத் தெரியவில்லை, ஏன் மறுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ரோச்சா அன்றைக்கே இன்னொரு மெயில் எழுதினார். படம் எடுக்காமல் விடுவது தவறு, பொறுப்பற்ற செயலின் எல்லைக்குப் போகிறது என்று அதில் கடுமையாகவே எழுதியிருந்தார். அச்செடுத்துச் சக ஊழியரிடம் காட்டினார். ஆனால் மேலே அனுப்பவில்லை. மேலதிகாரியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். ஜனவரி 24 அன்று நிர்வாகக் குழு கூடியது. நுரை அடித்ததால் பாதுகாப்புக்குச் சிக்கல் இல்லை என்று சுருக்கமாக வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அந்த அறையில் ரோச்சாவும் இருந்தார். பேசவில்லை. தான் மிகக் கீழே இருந்ததாகவும், தலைவர் மிக மேலே இருந்ததாகவும், தன்னால் முடியவில்லை என்றும் பின்னால் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார்.

விதிப்படி பயணம் நடக்கும்போது அந்தக் குழு தினமும் கூட வேண்டும். 16 நாள் பயணத்தில் கூடியது 5 முறை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். படம் எடுத்திருந்தால் நிச்சயம் காப்பாற்றியிருக்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அட்லாண்டிஸ் என்ற இன்னொரு ஓடத்தை அனுப்பி மீட்கும் முயற்சி கடினம் என்றாலும் செய்து பார்க்கக்கூடியதாக இருந்தது என்று விசாரணைக் குழு எழுதியது.

திறமையான, நேர்மையான ஆட்கள். எல்லோரிடமும் மெயில் இருந்தது, மீட்டிங்கும் நடந்தது. மெயிலில் இருந்த கவலை மீட்டிங்குக்கு வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் அலுவலகத்தில் உயிர் போகும் விஷயம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இதே மாதிரி அறுந்துபோவது ஒவ்வொரு வாரமும் எங்காவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி, செய்ய வேண்டியவை. உதாரணத்துக்குக் கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு ஆலையை வைத்துக்கொள்வோம். நீங்கள் புதிதாகப் புரொடக்‌ஷன் மேனேஜர். ஃபவுண்டரியிலிருந்து (வார்ப்பாலையிலிருந்து) வந்த காஸ்டிங்கில், அதாவது வார்ப்பில், புளோ ஹோல் எனும் காற்றுத் துளைகள் அதிகம் என்று குவாலிட்டி மேனேஜர் அந்த லாட்டை (தொகுதியை) நிறுத்திவைத்திருக்கிறார். டிஸ்பாட்ச் தேதி நெருங்குகிறது.

படி 1: எழுதுவதற்கு முன் விஷயத்தைத் தரம் பிரியுங்கள்

இரண்டு வகைச் சிக்கல் உண்டு. ஒன்று, தகவல் தெரியாதது. இன்னொன்று, விஷயத்தையே ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டிருப்பது. ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் இந்தப் பிரிவினையைப் பேசினார்கள். முதல் வகைக்கு எழுத்து போதும், இரண்டாவது வகைக்கு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

நம் ஆலையில், “ஸ்டோர்ஸில் எத்தனை ஹவுசிங் இருக்கிறது?” என்பது முதல் வகை (ஹவுசிங் என்பது பம்பின் வெளிக்கூடு). அதற்கு மீட்டிங் போட்டால் நான்கு பேருடைய அரை மணி நேரம் வீண். “இந்த லாட்டை எடுத்துக்கொள்ளலாமா?” என்பது இரண்டாவது. உங்களுக்கு அது டிஸ்பாட்ச் பிரச்சினை, குவாலிட்டிக்கு அது வாடிக்கையாளர் புகார், பர்சேஸுக்கு அது அடுத்த மாத விலை பேச்சு. மூன்று பேரும் மூன்று பிரச்சினையை மனதில் வைத்துக்கொண்டு ஒரே மெயிலுக்குப் பதில் போடுவார்கள். பத்து மெயில் போனாலும் ஒட்டாது.

ஆனால் இதைக் கல்லில் வெட்டிய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லின் மார்க்கஸ் என்ற ஆய்வாளர் 1994-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி எழுதினார். அங்கே மூத்த மேனேஜர்களே சிக்கலான விஷயங்களைக்கூட மெயிலில் நடத்திக்கொண்டிருந்தார்கள். தலைமை அப்படி எதிர்பார்த்தது, எல்லோரும் பழகிவிட்டார்கள், வேலையும் நடந்தது. அதனால் உங்கள் இடத்தின் பழக்கத்தை முதலில் கவனியுங்கள். மேலே இருப்பவர் எல்லாவற்றையும் எழுத்தில் பார்க்க விரும்புகிறவர் என்றால் எழுதுங்கள், அதோடு நேரிலும் போய்ப் பேசுங்கள். அதே மார்க்கஸ் கவனித்த இன்னொன்றும் உண்டு: பேசப் பிடிக்காத ஆளின் முகத்தைத் தவிர்க்கவும் மெயில் பயன்பட்டது. ஒரு மெயில் எழுத ஆரம்பிக்கும்போது, “இவரைப் பார்க்கச் சங்கடமாக இருப்பதால் எழுதுகிறேனா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால், அது எழுந்து போக வேண்டிய விஷயம்.

படி 2: உதவி கேட்பதை நேரில் கேளுங்கள்

2017-இல் மஹதி ரோகனிசாத், வனெஸ்ஸா போன்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் மெயிலில் கேட்டார்கள், பாதிப் பேர் நேரில் கேட்டார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு பலித்தது. மெயிலில் கேட்டவர்களோ தங்களுக்கும் நன்றாகவே பதில் கிடைக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள், அதனால் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆனால் திசை அதேதான். இன்னொரு டிபார்ட்மென்ட் தன் ஆளை இரண்டு நாள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு ஷிஃப்ட் மாற்றித் தர வேண்டும் என்றால், அவர் மேசைக்குப் போய், “சார், ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா?” என்று ஆரம்பியுங்கள். அவர் சரி என்றதும் உங்கள் இடத்துக்குத் திரும்பி வந்து இரண்டு வரி மெயில் போடுங்கள்: பேசியபடி, இன்ன ஆள், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, நன்றி. கேட்பது நேரில், உறுதி செய்வது எழுத்தில். இந்த வரிசையை மாற்றி, மேலதிகாரியையும் சிசி-யில் வைத்து முதலிலேயே மெயில் போட்டால், கேட்ட உதவி கிடைத்தாலும் அந்த ஆளின் மனக்கசப்பும் கூடவே வரும்.

படி 3: மூன்றாவது பதில் வந்துவிட்டால் நிறுத்துங்கள்

எழுத்தில் நம் தொனி போய்ச் சேர்கிறது என்று நாம் நம்புகிற அளவுக்குச் சேர்வதில்லை. 2005-இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் வேறு இருவரோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். கிண்டலாகச் சொன்னதையும் உண்மையாகச் சொன்னதையும் படிப்பவர் பிரித்தறிவாரா என்பது கேள்வி. எழுதியவர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். படித்தவர்கள் கண்டுபிடித்தது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

நம் ஊரில் இதில் இன்னொரு கஷ்டம் சேர்கிறது. பேசுவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். நேரில் “என்னங்க, இன்னும் வரலையே?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிற ஆள், மெயிலில் எழுதுவது போலீஸ் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடுகிறது. அவருக்கு அப்படி எண்ணமே இருக்காது. பள்ளியில் படித்த விண்ணப்பக் கடித ஆங்கிலம்தான் கைக்கு வருகிறது. ஆகவே உங்களுக்கு வரும் மெயில் கடுமையாகத் தெரிந்தால், முதலில் மொழியைச் சந்தேகப்படுங்கள், பிறகு மனிதரை.

என் விதி இது: ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை போய் வந்தும் தீரவில்லை, மூன்றாவது பதில் வருகிறது என்றால் விசைப்பலகையிலிருந்து கையை எடுங்கள். போன் செய்யுங்கள், அல்லது எழுந்து போங்கள். முக்கியமாக, ரிப்ளை ஆல் சண்டைக்குள் இறங்கவே இறங்காதீர்கள். அங்கே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதுவதில்லை, சிசி-யில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு எழுதுகிறார்கள். எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. தனியே போய்ப் பேசினால் பத்து நிமிடத்தில் முடியும். முடிந்ததும், “நேரில் பேசிவிட்டோம், இப்படி முடிவு செய்தோம்” என்று அதே தொடரில் ஒரு வரி போட்டு எல்லோருக்கும் அனுப்புங்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது நிம்மதி.

படி 4: மீட்டிங்குக்கு முந்தைய மெயில்

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் பலர் இதைச் செய்வதே இல்லை. காலண்டர் அழைப்பில் “டிஸ்கஷன்” என்று ஒரு சொல்லை மட்டும் போட்டு அனுப்பினால், வருபவர் வெறுங்கையோடு வருவார். முதல் இருபது நிமிடம் விஷயத்தை விளக்குவதிலேயே போய்விடும், முடிவெடுக்க நேரம் இருக்காது.

முந்தைய மெயிலில் மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. அதற்குத் தேவையான எண்கள். இதுவரை மெயிலில் யார் என்ன ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள் என்ற சுருக்கம். இந்த மூன்றாவதுதான் முக்கியம். காஸ்டிங் விஷயத்தில், “முழு லாட்டையும் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் எடுக்கக் கூடாது என்று குவாலிட்டியில் ஒரு இன்ஜினியர் 11-ம் தேதி எழுதியிருக்கிறார், அதையும் பார்க்க வேண்டும்” என்று நீங்களே எழுதிவிட்டால், அந்த இன்ஜினியர் மீட்டிங்கில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை. விஷயம் ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது.

முந்தைய மெயிலை யாரும் படிப்பதில்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மூத்த மேனேஜர்களின் கூட்டங்களில் ஸ்லைடு காட்டுவதை நிறுத்தி, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். அங்கே கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து அந்த ஆறு பக்கக் குறிப்பைப் படிக்கிறார்கள், அப்புறம்தான் பேச்சு. நமக்கு ஆறு பக்கம் வேண்டாம். ஒரு பக்கம் எழுதி, முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் படிக்கட்டும். தொடக்கத்தில் அந்த அமைதி கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஓரிரு மீட்டிங்கில் பழகிவிடும்.

எழுதிப் பார்க்கும்போது சில சமயம் கேள்வியே தீர்ந்துவிடும். அப்போது மீட்டிங்கைத் தயங்காமல் ரத்து செய்யுங்கள்.

படி 5: அறைக்குள்

நம் அலுவலகங்களில் பெரியவர் பேசியபின் சின்னவர் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. கொலம்பியா விஷயத்தைப் படித்தால், அமெரிக்காவிலும் அது இருந்தது தெரியும். இதை ஆட்களின் குணம் என்று விட்டுவிடக் கூடாது, மீட்டிங் நடத்துபவர்தான் மாற்ற வேண்டும்.

நீங்கள் நடத்துபவர் என்றால், உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். அனுபவத்தில் இளையவரிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள். “யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?” என்ற கேள்வி வேலைக்காகாது. அதற்குப் பதில் எப்போதும் அமைதிதான். “இந்த லாட்டை எடுத்தால் எங்கே மாட்டுவோம், நீங்கள் சொல்லுங்கள்” என்று பெயர் சொல்லி ஒருவரைக் கேளுங்கள். ஆபத்தைத் தேடிச் சொல்வதே அவருக்குக் கொடுத்த வேலை என்று ஆகிவிடும்போது, அது எதிர்த்துப் பேசியதாக யாருக்கும் படாது. மெயிலில் எழுதிவிட்டு நேரில் மௌனமாக இருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் இளையவராக அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் கஷ்டம். ஒரு வழி உண்டு. மீட்டிங்குக்கு முன்பே நடத்துபவரைத் தனியே பார்த்து, “சார், டெஸ்ட் ரிப்போர்ட் பற்றி எனக்கு ஒரு கவலை இருக்கு. மீட்டிங்ல எடுக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் எடுக்கச் சொல்வார்கள், முன்கூட்டித் தெரிந்ததால் எல்லோர் முன்னாலும் திகைக்கவும் மாட்டார்கள். அறையில் பேசும்போது, “மெயிலில் எழுதியிருந்தேன், அதை இங்கேயும் பதிவு செய்துவிடுகிறேன்” என்று ஆரம்பிக்கலாம். புதிதாகக் கிளப்பியதாகத் தோன்றாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை, சொல்லிவிடுங்கள்.

படி 6: அன்றைக்கே எழுதுங்கள்

மீட்டிங் முடிந்து ஒரு நாள் போனாலே ஆளுக்கு ஒரு முடிவு நினைவில் இருக்கும். அதனால் அன்று மாலைக்குள், பெரிய மினிட்ஸ் எல்லாம் வேண்டாம், பத்து வரி போதும். இப்படி:

பொருள்: ஹவுசிங் காஸ்டிங் லாட், இன்று பேசியது
முடிவு: 400-இல் 120-ஐ மட்டும் பிரஷர் டெஸ்ட் முடித்து எடுத்துக்கொள்கிறோம். மீதி ஹோல்டில்.
யார், எப்போது: டெஸ்ட், குவாலிட்டி, புதன் மதியம். ஃபவுண்டரியோடு பேச்சு, பர்சேஸ், வியாழன்.
முடிவாகாதது: மீதி 280-ஐத் திருப்பி அனுப்புவதா என்பது. வெள்ளி மறுபடி பேசுகிறோம்.
மாற்றுக் கருத்து: முழு லாட்டையும் திருப்புவதே சரி என்று குவாலிட்டி சொன்னது.
நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நாளைக் காலைக்குள் திருத்துங்கள்.

‘முடிவாகாதது’, ‘மாற்றுக் கருத்து’ என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். வழக்கமான மினிட்ஸில் இவை இருப்பதில்லை. பின்னால் ஏதாவது தவறிப்போனால் எல்லோரும் தேடுவது இவற்றைத்தான்.

மெயிலை லேசாக நினைத்து எழுதவும் கூடாது. வேதாந்தா அலுமினியமும் துபாயைச் சேர்ந்த ட்ரைமெக்ஸ் நிறுவனமும் ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் கொண்டுவருவது பற்றி மெயிலில் பேசிக்கொண்டார்கள். முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகவில்லை. மெயில்களில் ஒரு தரப்பு முன்வைத்ததை மறு தரப்பு ஏற்றுக்கொண்டதே ஒப்பந்தம்தான் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சப்ளையருக்கோ வாடிக்கையாளருக்கோ “ஓகே, மேலே நடக்கட்டும்” என்று ஒரு வரி தட்டுவதற்கு முன், அந்த ஓகே சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் தலையாட்டியதை எழுத்தில் போடும்போது, எதற்குத் தலையாட்டினீர்கள் என்று வரையறுத்து எழுதுங்கள்.

மெயிலில் வரவே கூடாதவை

ஒருவரைக் கண்டிப்பது, அவர் வேலையைப் பற்றிக் குறை சொல்வது, பதவி உயர்வு இல்லை என்று சொல்வது: இவையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நேரில். மெயிலில் படித்தவர் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார், ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் காயப்படுவார். பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கவும் அவருக்கு வழி இல்லை. நேரில் சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை மட்டும் எழுத்தில் கொடுங்கள். பாராட்டு இதற்கு நேர்மாறு. அதை நேரிலும் சொல்லுங்கள், மெயிலிலும் போடுங்கள், சிசி-யில் அவருடைய மேலதிகாரியையும் வையுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் “நேரில் பேசித் தீர்த்துக்கலாம்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்கள் குழுவில் ஒரு பெண் பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் உள்ளகக் குழுவிடம் (இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கும் குழு) எழுத்தில் புகார் கொடுக்கலாம், பொதுவாக 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். நீங்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசக் கூடாது. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், எழுத உதவி கேட்டால் ஏற்பாடு செய்யுங்கள்.

தூரத்தில் இருப்பவர்கள்

ஹொசூரில் ஒரு கிளை, புனேயில் ஒரு கிடங்கு என்று உங்கள் சகாக்கள் சிதறி இருந்தால், ஆலன் சொன்னது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பார்க்காத ஆளுக்கு நாம் எழுதுவதும் குறைந்துவிடும், பிரச்சினை வரும்போதுதான் முதல் மெயிலே போகும். பொறுப்பேற்ற முதல் மாதத்தில் ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். வேலை இருந்துதான் போக வேண்டும் என்பதில்லை. சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்தால்கூட, அடுத்து வரும் மெயிலில் அவருடைய குரல் உங்களுக்குக் கேட்கும். அதன்பின் வாராவாரம் வீடியோவில் பேசலாம்.

பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் பேச்சு தானாகக் கூடிவிடும் என்பதும் இல்லை. ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் இருவரும் தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டுத் திறந்த அலுவலகமாக மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களை அளந்து 2018-இல் எழுதினார்கள். நேர்ப் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னணு வழிச் செய்திகள் கூடின. எல்லோர் காதிலும் விழும் என்றால் யாரும் பேச மாட்டார்கள். மனம் விட்டுப் பேச ஒரு சின்ன அறை, அதுவும் இல்லையென்றால் கேன்டீன் மூலை, இப்படி ஒன்றை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் பார்க்கும் நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். குளோரியா மார்க், ஸ்டீஃபன் வொய்டா இருவரும் 2012-இல் 13 ஊழியர்களுக்கு 5 நாள் மெயிலை நிறுத்திப் பார்த்தார்கள். மன அழுத்தம் குறைந்தது, ஒரே வேலையில் அதிக நேரம் நிலைக்க முடிந்தது, எழுந்து போய் நேரில் பேசுவதும் கூடியது. அப்படி முழுதாக நிறுத்துவது நமக்கு நடக்காது. காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, அவசரம் என்றால் போன் பண்ணுங்கள் என்று குழுவிடம் சொல்லிவிடலாம்.

எங்கே தொடங்குவது என்றால், இன்பாக்ஸைத் திறந்து, போன வாரத்தில் மிக நீளமாகப் போய் இன்னும் முடியாத ஒரே ஒரு மெயில் தொடரைத் தேடுங்கள். அதில் இருப்பவர்களில் யாரோடு நீங்கள் நேரில் பேசிக் கொஞ்ச நாளாகிறதோ, அவர் மேசைக்கு இன்று போய்விட்டு வாருங்கள். பேசியதைப் பத்து வரியில் அந்தத் தொடரிலேயே போடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு தொடர்.